எண் கம்பத்தில் நின்ற மூன்று

கர்டிஸ் ஜெலென்காவைப் பற்றி எழுத இந்தக் கோல்டர் ஊரில் என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. என் பெயர் எமில் ஹுடாக். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். காற்றடிக்கும் எந்திரம் ஒன்று, ஜாக்கி இரண்டு, இவற்றை வைத்துக் கடை போட்டேன். இன்று ஆற்றின் இந்தக் கரையில் மூன்று டயர் கடைகள் என் பெயரில் நிற்கின்றன. இரும்பு ஆலையை மூடிய வருஷம் ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்தது. நான் இரண்டாவது கடையைத் திறந்தேன். ஓஹையோ மாநிலத்தில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு டயரின் சத்தத்தைக் கேட்டே அதில் எவ்வளவு காற்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இப்படிப்பட்டவனுக்கும் போன அக்டோபரில் ஒரு வாரம் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. காரணம் கர்டிஸ்.

கர்டிஸுக்கு நாற்பத்திரண்டு வயது. உயரமான ஆள், வலது தோள் சற்றே இறங்கியிருக்கும். பள்ளியின் ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டுகிறான். காலையில் பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கும்போது ஒவ்வொரு தலையாக எண்ணுவான். எல்லோரும் இறங்கியபின் கடைசி இருக்கைவரை நடந்து, காலி இருக்கைகளை எண்ணுவான். திரும்பி வரும்போது இன்னொரு முறை. பனி கொட்டும் காலையிலும் இந்த மூன்று எண்ணிக்கை முடியாமல் கதவைச் சாத்த மாட்டான். கடையில் முட்டை வாங்கினால் டப்பாவைத் திறந்து எண்ணுவான். ஊருக்கு இது பெரிய வேடிக்கை. பெட்ரோல் பங்கில் அவன் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கேட்பார்கள்: "கர்டிஸ், மூணுக்கு அப்புறம் என்ன?"

"நாலு" என்பான், சிரித்துக்கொண்டே. இருபத்தைந்து வருஷமாக அதே கேள்வி, அதே பதில்.

அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் கடைப் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். முதல் கடையில், காபி எந்திரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை அடித்த பெரிய ஒட்டுப்பலகை ஒன்று இருக்கிறது. 1961 முதல் எங்கள் பள்ளி அணிக்கு ஆடிய குவார்ட்டர்பேக் ஒவ்வொருவன் பெயரும் அதில் இருக்கிறது. கையால் எறிந்து, தோளால் மோதி ஆடுகிற எங்கள் ஃபுட்பாலில் பதினோரு பேர் இறங்குகிறார்கள். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பவன் குவார்ட்டர்பேக். அணி ஜெயித்தால் அவன் ஜெயித்தான், தோற்றால் அவன் தோற்றான். மற்ற பத்துப் பேருக்கும் என் பலகையில் இடமில்லை. பெயர், வெற்றி, தோல்வி, அதற்கடுத்து ஒரு தனிக் கட்டம். அது ஆற்று ஆட்டத்துக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேசன் ரன் ஊரோடு அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை ஆடுகிற ஆட்டம். பள்ளியை விட்டுப் போகும் கடைசி வருஷத்தில் அதில் என்ன செய்தான் என்பது மட்டும்தான் அந்தக் கட்டத்தில் ஏறும். ஜெயித்தவனுக்குக் கறுப்பு, தோற்றவனுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கியவன் ஐம்பது வயதில் பல் பிடுங்கப் போனாலும் பல் டாக்டர் அதைச் சொல்லிக் காட்டுவார்.

கர்டிஸ் மூன்று வருஷம் ஆடினான். இருபத்தாறு வெற்றி, நான்கு தோல்வி. அந்தப் பலகையிலேயே மிகச் சிறந்த கணக்கு அதுதான். முதல் இரண்டு வருஷம் மேசன் ரன்னைத் தோற்கடித்தான். அது யாருக்கும் ஞாபகமில்லை. தனிக் கட்டத்தில் சிவப்பு.

1998 ஆட்டம். எங்கள் மைதானம். நான் எண் கம்பம் பிடித்துக்கொண்டிருந்தேன். பத்து கஜம் முன்னேற ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு. நடப்பது எத்தனையாவது வாய்ப்பு என்று காட்டுவதற்குத்தான் அந்தக் கம்பம். உச்சியில் ஒன்று முதல் நான்குவரை புரட்டுகிற தகடுகள் இருக்கும். ஒவ்வொரு மோதல் முடிந்ததும் பந்து கிடக்கிற இடத்துக்கு நேராகக் கோட்டோரம் ஓடிப் போய் நின்று, எண்ணைப் புரட்ட வேண்டும். சம்பளமில்லாத வேலை. ஊரில் மதிப்புள்ளவனைத்தான் கூப்பிடுவார்கள். என்னை ஆறு வருஷம் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு விதி: கம்பம் பிடித்தவன் எந்த அணிக்காகவும் கத்தக் கூடாது.

பத்துக்குப் பதினான்கு என்று பின்தங்கியிருந்தோம். கோல் கோட்டுக்கு எட்டு கஜம், அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. நிறுத்தம் கேட்கும் உரிமை மூன்றும் தீர்ந்துவிட்டது. முதல் வாய்ப்பில் எறிந்த பந்து தரையில் விழுந்தது. இரண்டாவதில் மூன்று கஜம் கிடைத்தது. மூன்றாவதில் கர்டிஸ் எறிந்த பந்தைப் பிடித்தவன் கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னால் மைதானத்துக்குள்ளேயே விழுந்தான். கடிகாரம் நிற்கவில்லை. பதினான்கு விநாடி. நான் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஓடும்போது கத்தினேன், "விடாதே, விடாதே" என்று. போய் நின்றேன். கம்பத்தில் மூன்று.

எங்கள் ஸ்கோர் பலகையில் அந்த எண்ணுக்கான பல்புகள் அந்த மாதமே போயிருந்தன. நடுவர் விரல் காட்டியிருப்பார். மலைபோல் குவிந்து கிடந்த ஆட்களுக்கு நடுவே அது யார் கண்ணுக்குத் தெரியும்? கர்டிஸ் தலையைத் திருப்பி என் கம்பத்தைப் பார்த்தான். மூன்று என்றால் இதற்குப் பிறகும் இன்னொரு வாய்ப்பு மிச்சம். ஆட்களை வரிசையில் நிறுத்தி, பந்தை வாங்கி, கடிகாரம் நிற்பதற்காகத் தரையில் ஓங்கி அடித்தான். ஆறு விநாடி மிச்சத்தில் கடிகாரம் நின்றது. ஆனால் அப்படி அடிப்பதும் ஒரு வாய்ப்புக் கணக்கு, அதோடு எங்கள் நான்காவது வாய்ப்பும் தீர்ந்தது. நடுவர் கையை மறுபக்கம் நீட்டினார். பந்து மேசன் ரன்னுக்கு.

எல்லோரும் கர்டிஸைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் கட்டைவிரல் தகட்டைப் புரட்டியது. பிறகு பார்த்தவர்களுக்கெல்லாம் கம்பத்தில் நான்கு.

மறுநாள் காலை அவன் அம்மா இரீன் வீட்டுப் புல்வெளியில் யாரோ 'இவ்வீடு விற்பனைக்கு' என்று பலகை நட்டிருந்தார்கள். ஊரை விட்டுப் போ என்று தோற்ற பயிற்சியாளர் வீட்டில் நடுவது எங்கள் ஊர் வழக்கம். பதினேழு வயதுப் பையன் வீட்டில் நட்டது அதுதான் முதல் முறை. இரீன் அந்தப் பலகையைப் பிடுங்கித் தக்காளிப் பாத்திக்கு வேலியாகப் போட்டாள், அவள் சாகும்வரை அது அங்கேயே இருந்தது. அவனைத் தன் அணிக்கு எடுக்க வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்த கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. என் பலகையில் சிவப்பு அடித்தது யார் என்று கேட்க வேண்டாம். என் பலகை, என் தூரிகை.

எனக்கு நானே ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவர் விரல் காட்டினார். குவார்ட்டர்பேக் தானே எண்ணிக்கொள்ள வேண்டும். அத்தனையும் நியாயம். இருபத்தைந்து வருஷம் அதன் மேல் படுத்துத் தூங்கினேன்.

போன அக்டோபரில், ஆற்று ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, பயிற்சியாளர் பட் கேரிக்குக்கு இதய அறுவை சிகிச்சை. அணி ஏழு ஜெயித்து ஒன்று தோற்றிருந்தது. பதினோரு வருஷமாகச் சின்னப் பையன்களுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுப்பவன் கர்டிஸ்தான். மூத்த அணியின் குவார்ட்டர்பேக், பள்ளியில் கடைசி வருஷம் படிக்கும் டெவினும் அவன் பயிற்சியில் வளர்ந்த பையன். தலைமையாசிரியை ஜோய்ஸ் டில்லார்ட் அணியைக் கர்டிஸிடம் கொடுக்க நினைத்தார். ஆனால் அணிக்குப் பணம் திரட்டும் ஆதரவாளர் சங்கத்தின் காதில் போடாமல் இந்த ஊரில் எந்தத் தலைமையாசிரியையும் ஃபுட்பாலில் கைவைத்ததில்லை. சங்கத் தலைவர் பத்தொன்பது வருஷமாக நான். செவ்வாய்க்கிழமை கூட்டம் என்று முடிவானது.

அடுத்த நாளே கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஆலையில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற லூ ஃபிராட்டாஞ்செலோ தினமும் என் காபியை ஓசியில் குடிப்பவன். பலகை முன்னால் நின்று விரலை நீட்டினான்.

"இருபத்தாறு ஜெயிச்சான், யாரு இல்லேங்கறா? சும்மா கெடக்குற ஊருங்ககிட்ட எவன் வேணா ஜெயிப்பான். பெரிய ஆட்டத்துல என்ன பண்ணினான், அதச் சொல்லு. ஏம்ப்பா எமிலு, வாயத் தொறயேன்."

"செவ்வாய்க்கிழமை சொல்றேன்" என்றேன்.

"இப்பச் சொன்னா காபி ஆறிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மதியம் ஒரு பெண்ணின் காரில் அளவு வேறான முன் டயரைப் பின்னால் மாட்டினேன். ஐம்பது வருஷத்தில் நான் செய்யாத தப்பு. வீட்டில் என் மனைவி வெர்னா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டாக்டரிடம் போகலாமா என்றாள். எனக்கு எந்த டாக்டரும் வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன். கர்டிஸை ஆதரித்துப் பேசினால், ஏன் என்று கேட்பார்கள். பேசாவிட்டால் அவன் பிழைப்பில் இரண்டாவது முறையாக மண் விழும், அதுவும் என் கையால். ஊரில் என் வார்த்தைக்கு ஒரு எடை இருக்கிறது. அந்த எடை எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்தால் யார் என் கடைக்கு வருவார்கள்?

திங்கட்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கர்டிஸ் பேருந்தோடு கடைக்கு வந்தான். குளிர்காலத்துக்கு முன் பள்ளிப் பேருந்துகளுக்கு டயர் மாற்றுவது என் கடைதான். வேலை முடிந்ததும் வழக்கம்போல ஆறு சக்கரத்தையும் சுற்றி நட்டுகளை எண்ணினான். சக்கரத்துக்குப் பத்து. மூன்று சுற்று. என் ஆள் அவனுக்குப் பின்னால் கண்ணடித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"மிஸ்டர் ஹுடாக், நாளைக்கு எனக்காகப் பேசாதீங்க."

நான் நிமிர்ந்தேன். "ஏன்?"

"பசங்களுக்கு எறியக் கத்துக்குடுக்கறது வேற. கடைசி நிமிஷத்துல அந்தக் கோட்டோரம் நான் நிக்கக் கூடாது. என் தலையில ஏதோ ஒண்ணு சரியில்ல."

"என்ன சரியில்ல?"

"அன்னிக்கு நான் கம்பத்தப் பாத்தேன். எண்ண மறந்துட்டேன்னு ஊர்ல சொல்றாங்க. நான் மறக்கல. பாத்தேன், மூணு இருந்துச்சு. ஆனா அங்க இருந்தது நாலு. இல்லாதது என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படிப்பட்டவன நம்பி நாப்பது பசங்களக் குடுக்கலாமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பஸ்ல மூணு தடவ எண்றேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? என் கண்ண நானே நம்பறதில்ல."

அவன் தோற்றதைச் சுமக்கிறான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவன் சுமந்தது வேறு. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் என் ஆள் நட்டு முறுக்கும் எந்திரத்தை ஓட்டினான், கடை அதிர்ந்தது. சத்தம் அடங்கியபோது நான் சொன்னது, "பின் டயர் புதுசு, நாலு நாள் மெதுவாப் போ." அவ்வளவுதான் சொன்னேன். கர்டிஸ் தலையாட்டிவிட்டுப் போனான். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஸ்லோவாக் சங்கக் கூடத்தில் நாற்பது பேர். பெண்கள் உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை போன்ற பியரோகியும் முட்டைக்கோஸ் சுருளும் பரிமாறினார்கள். நான் ஒரு பியரோகியை நான்காக வெட்டி, நான்கையும் தட்டிலேயே வைத்தேன். கர்டிஸ் கடைசியில், கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வர வேண்டாம் என்று நினைத்தவனை டில்லார்ட் அம்மாதான் இழுத்து வந்திருந்தார்.

லூ எழுந்து பேசினான். கர்டிஸ் மேல் தனக்குப் பகை எதுவும் இல்லை என்றான், அவன் பேருந்தில்தான் தன் பேத்தி போகிறாள் என்றான், ஆனால் ஒருவனுடைய தரம் பெரிய ஆட்டத்தில்தான் தெரியும், அது தெரிந்து இருபத்தைந்து வருஷமாகிறது என்றான். பலர் தலையாட்டினார்கள். கர்டிஸும் தலையாட்டினான். அதைப் பார்த்தபின் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"தலைவர் என்ன சொல்றார்?" என்று டில்லார்ட் அம்மா கேட்டார்.

எழுந்தேன். நான் பேச அஞ்சியதே இல்லை. ஆலை முதலாளிகள் முன்னாலும் பேசியிருக்கிறேன். அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"1998ல எண் கம்பம் பிடிச்சது நான். கத்திக்கிட்டே ஓடினேன், எண்ணைப் புரட்ட மறந்துட்டேன். அவன் பாத்தப்ப கம்பத்துல மூணுதான் இருந்துச்சு. பந்து போனதுக்கப்புறம் யாருக்கும் தெரியாம நாலாக்கினேன்."

முதலில் வாய் திறந்தவன் லூ.

"இருந்தாலும், குவார்ட்டர்பேக்குன்னா எத்தனாவது வாய்ப்புன்னு அவனுக்கே தெரியணும். கம்பத்த நம்பியா ஆடறது?"

டிக்கெட் ஜன்னலில் முப்பது வருஷமாக உட்காரும் தெரேசா யானோசிக் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷமா அந்தப் பையன்கிட்ட மூணுக்கு அப்புறம் என்னன்னு கேட்டியே லூ. இப்ப எமில்கிட்ட கேளேன், பாப்போம்."

கர்டிஸ் எழுந்து நின்றான்.

"மூணுதான் இருந்துச்சா?"

"மூணு."

"நான் பாத்தது சரி."

"சரிதான்."

கொக்கியில் மாட்டிய கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: தன் வண்டியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றான். கால் மணி நேரம் அப்படியே நின்றான். பத்தொன்பது வருஷத் தலைவனுக்குப் பக்கத்து நாற்காலியை யாரோ மெதுவாக நகர்த்திக்கொண்டார்கள். கர்டிஸ் போய்விடுவான், அணி வேறு யாருக்கோ போகும், நான் சொன்னது யாருக்கும் உதவாமல் கிடக்கும் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. கர்டிஸின் காது குளிரில் சிவந்திருந்தது. என் பக்கம் பார்க்காமல், டில்லார்ட் அம்மாவிடம் பேசினான்.

"டீம நான் எடுத்துக்கறேன். ஒரு கண்டிஷன். வெள்ளிக்கிழமை எண் கம்பத்த ஹுடாக்தான் பிடிக்கணும்."

"அந்த ஆளுக்கு எழுபத்தாறு வயசு. முட்டி ரெண்டும் ஆபரேஷன்ல வச்ச எஃகு" என்றான் லூ.

"ஓட வேணாம். புரட்டினா போதும்."

மறுநாள் காலை கடை திறந்ததும் 1998 கட்டத்தைச் சுரண்டினேன். கர்டிஸின் சிவப்பை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே நிறத்தில் அங்கே என் பெயரை எழுதினேன். அன்று மூன்று பேர் டயர் மாற்றாமல் திரும்பிப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஊரில் யாரும் குவார்ட்டர்பேக் டெவினைப் பற்றிப் பேசவில்லை, என் கட்டைவிரலைப் பற்றித்தான் பேசினார்கள். மைதானத்தில் கம்பத்தை எடுத்தபோது அது என் ஞாபகத்தில் இருந்ததைவிடக் கனத்தது. கையுறை போட்டால் தகடு வழுக்கும் என்று வெறுங்கையால் பிடித்தேன். முதல் கால் ஆட்டத்திலேயே விரல் மரத்துவிட்டது. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் பார்வையாளர் பக்கம் தெரேசா உட்கார்ந்திருந்த வரிசை கத்தியது: "எமில், எத்தனை?" புரட்டுவேன், கைதட்டுவார்கள். எதிர்க் கோட்டோரம் நின்ற கர்டிஸ் மட்டும் கைதட்டவில்லை. ஒவ்வொரு முறையும் என் கம்பத்தைப் பார்த்தான். நான் வாயே திறக்கவில்லை, இருமல் வந்தபோதுகூட அடக்கிக்கொண்டேன்.

பதினேழுக்கு இருபத்தொன்று என்று பின்தங்கியிருந்தோம். இருபது விநாடி. ஆறு கஜம். மூன்றாவது வாய்ப்பில் எறிந்த பந்து தரையில் விழுந்தது. ஸ்கோர் பலகையின் பல்புகள் இப்போது நன்றாகவே எரிகின்றன. கர்டிஸ் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து நான்கு விரலைத் தூக்கினான். என் கண்ணால் தகட்டைப் பார்த்தேன், கையால் தடவியும் பார்த்தேன். நான்கு. நானும் நான்கு விரலைத் தூக்கினேன். அவன் டெவினிடம் திரும்பி ஏதோ சொன்னான்.

டெவின் மூலைக்கு எறிந்தான். எங்கள் பையன் எம்பிப் பிடித்தான். இறங்கிய கால் கோட்டுக்கு வெளியே, பிடித்தது செல்லாது. தோற்றோம்.

சனிக்கிழமை லூ பலகை முன்னால் வந்து நின்றான். "ஜெலென்கா மறுபடியும் ஆத்து ஆட்டத்துல" என்று தொடங்கினான், என் முகத்தைப் பார்த்தான், காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். டெவின் பெயருக்கு நேரே சிவப்பு எப்போது அடிக்கப் போகிறேன் என்று இதுவரை பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்கிறேன். டப்பா அலமாரியில் முக்கால்வாசி நிறைந்துதான் இருக்கிறது. வருகிற வருஷத்துக்கும் அணி கர்டிஸ் கையில்தான் என்று டில்லார்ட் அம்மா அறிவித்துவிட்டார். சங்கத்தை அவர் கேட்கவில்லை, நானும் கேளுங்கள் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கர்டிஸ் பேருந்தோடு வந்தான்.

"எமில், பின் சக்கரத்துல காத்து கொறையுது. பாரு."

இருபத்தைந்து வருஷமாக மிஸ்டர் ஹுடாக் என்று கூப்பிட்ட வாய். நான் குனிந்து பார்த்தேன். ஆணி ஒன்று ஏறியிருந்தது. நானே கழற்றி, அடைத்து, மாட்டினேன்.

அவன் சுற்றி வந்து நட்டுகளை எண்ணினான். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றுக்கு ஓரடி எடுத்து வைத்தவன், சக்கரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான்.